விஞ்ஞானியை நாம் எப்போது நம்புகிறோம்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

படித்தவர் ஒருவர் கையில் கருவியோடு நம் ஊருக்கு வருகிறார். கிணற்றுத் தண்ணீரைச் சீசாவில் பிடித்துச் சோதிக்கிறார். "பயமில்லை, குடிக்கலாம்" என்கிறார். இன்னொருவர் ஆலைக்குள் வருகிறார். காற்றைச் சோதிக்கிறார். "தூசி அளவோடுதான் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாம் என்ன செய்வது? நம்புவதா, நம்பாதிருப்பதா?

இது பட்டணத்துப் பண்டிதர்கள் மட்டும் உட்கார்ந்து வாதாட வேண்டிய விஷயமல்ல. நம் குழந்தை குடிக்கிற தண்ணீர், ஒரு ஷிப்டு முழுவதும் நாம் சுவாசிக்கிற காற்று, வயலில் நாம் தெளிக்கிற பூச்சிமருந்து, ஆஸ்பத்திரியில் நமக்குப் போடுகிற ஊசி, எல்லாமே இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கின்றன.

நம்மிடையே இதற்கு இரண்டு பதில்கள் உலவுகின்றன. "அவர் படித்தவர், நமக்கென்ன தெரியும்?" என்று தலையாட்டிவிடுவது ஒன்று. "எல்லோரும் முதலாளி வீட்டு ஆட்கள்தான், ஒருத்தரையும் நம்பாதே" என்று உதறிவிடுவது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதல் பதில் நம்மை ஏமாளிகளாக்குகிறது. இரண்டாவது பதில் நம்மைப் புரளிக்காரனிடமும் போலி வைத்தியனிடமும் கொண்டுபோய் விடுகிறது. விஞ்ஞானியை நம்பாதவன் யாரையுமே நம்பாமல் இருந்துவிடுவதில்லை, தோழர்களே! அவன் வாய்ச்சவடால்காரனை நம்பத் தொடங்கிவிடுகிறான்.

அப்படியானால் சரியான பதில் எது? இன்று நாம் இரண்டு உண்மைச் சம்பவங்களைச் சொல்லப் போகிறோம். ஒன்று ஆடு வளர்க்கும் மலை விவசாயிகளைப் பற்றியது. மற்றது பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பற்றியது. இரண்டும் கடல் கடந்த தேசங்களில் நடந்தவை. ஆனால் கேட்டுக்கொண்டே வரும்போது, "இது நம் பாடுதானே!" என்று உங்களுக்குத் தோன்றும்.

மலையில் பெய்த மழை

1986 ஏப்ரல் 26ஆம் தேதி அதிகாலையில், சோவியத் நாட்டின் உக்ரைன் பகுதியில், செர்னோபில் அணுமின் நிலையத்தில் ஓர் உலை வெடித்தது. கதிரியக்கப் பொருள்கள் மேலே கிளம்பிக் காற்றோடு ஐரோப்பாக் கண்டம் முழுவதும் பரவின. மே மாதத் தொடக்கத்தில் அந்தக் காற்று பிரிட்டனுக்கு மேலே வந்தது. அந்த நேரம் பார்த்து, வடமேற்கு இங்கிலாந்தில் கம்பிரியா என்ற மலைப் பகுதியிலும், வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைகளிலும் கனமழை கொட்டியது. வானத்தில் மிதந்த நஞ்சு மழையோடு இறங்கிப் புல்லில் படிந்தது. அதில் நெடுநாள் தொல்லை கொடுத்த பொருளுக்குச் சீசியம் என்று பெயர்.

கம்பிரியா மலை விவசாயிகளுக்குச் செம்மறி ஆடுதான் பிழைப்பு. குடும்பத்தோடு உழைத்து ஆடு வளர்ப்பவர்கள் அவர்கள். பலர் குத்தகைக்காரர்கள். ஆண்டுக்கு ஒரு முறை குட்டி விற்று வரும் பணத்தில்தான் வருஷம் முழுவதும் அடுப்பெரிய வேண்டும்.

முதலில் அரசாங்கம், "கவலைப்பட ஒன்றுமில்லை" என்றது. பிறகு ஜூன் 20ஆம் தேதி திடீரென்று ஓர் உத்தரவு வந்தது. கம்பிரியாவிலும் வடக்கு வேல்ஸிலும் குறிப்பிட்ட பகுதிகளில் ஆடுகளை இடம் மாற்றக் கூடாது, இறைச்சிக்கு வெட்டக் கூடாது! எத்தனை நாளைக்கு? "மூன்று வாரம்தான்" என்றார்கள் நிபுணர்கள்.

மூன்று வாரம் என்பதைக் கேட்டு விவசாயிகள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். குட்டி விற்கும் பருவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் மூன்று வாரம் கழிந்தது. தடை நீங்கவில்லை. ஜூலை மாதம் 24ஆம் தேதி, தடைக்கு முடிவு தேதியே இல்லை என்று அறிவித்தார்கள். ஸ்காட்லாந்தையும் வட அயர்லாந்தையும் சேர்த்து, பிரிட்டனில் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பண்ணைகளும், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளும் இந்தத் தடைக்குள் வந்தன. கடைசிப் பண்ணைகளுக்குத் தடை நீங்கியது எப்போது தெரியுமா? 2012 ஜூன் மாதத்தில்! மூன்று வாரம் என்று சொன்னது 26 ஆண்டு ஆகிவிட்டது.

ஏன் பிசகியது?

இந்த நிபுணர்கள் பொய்யர்களா? இல்லை. முட்டாள்களா? அதுவும் இல்லை. பின் ஏன் பிசகியது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

சீசியம் ஆட்டின் உடலில் நிலையாகத் தங்குவதில்லை. சுத்தமான புல்லைத் தின்றால் சில வாரங்களில் கழிந்துவிடும். மண்ணில் விழுந்த சீசியத்தைக் களிமண் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடியும் புல்லுக்கு ஏறாது. இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. கணக்கு சரியான கணக்குதான். ஆனால் அது எந்த மண்ணில் கண்டறிந்த உண்மை? சமவெளியின் களிமண்ணில் கண்டறிந்தது! கம்பிரியா மலையில் உள்ளதோ, தழையும் பாசியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கி ஊறிப்போன புளிப்பு மண். களிமண் போல் அது சீசியத்தைக் கட்டிப்போடவில்லை. மண்ணிலிருந்து புல்லுக்கு ஏறியது; புல்லிலிருந்து ஆட்டுக்கு ஏறியது; ஆட்டின் எருவோடு மறுபடியும் மண்ணுக்கு வந்தது. வண்டிச் சக்கரம் போல் சுற்றிக்கொண்டே இருந்தது.

கரிசலில் விளைவதைச் செம்மண்ணில் விதைத்தால் என்ன ஆகும் என்று நம் விவசாயத் தொழிலாளியைக் கேட்டால் சொல்வார். "மண் வேறு, ஐயா!" என்பார். இந்த ஒரு வார்த்தையை மலை விவசாயிகளிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. தங்கள் கணக்கு எந்த மண்ணுக்குரியது என்பதை நிபுணர்களும் வெளியே சொல்லவில்லை. "சமவெளி மண்ணில் இப்படி நடக்கிறது, மலை மண்ணில் எப்படி நடக்கும் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர்களுக்கு என்ன குறைந்திருக்கும்? விவசாயி தன் ஆண்டுக் கணக்கை அதற்குத் தக்கபடி போட்டிருப்பான். உறுதியில்லாததை உறுதிபோலச் சொன்னதால்தான், பின்னால் உறுதியாகச் சொன்னதையும் யாரும் நம்பாமல் போனார்கள்.

வைக்கோல் தின்னாத ஆடு

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் வின் என்ற ஆராய்ச்சியாளர் பின்னர் அந்த விவசாயிகளைத் தேடிப் போய், உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். அதில் வரும் சில செய்திகள் நமக்குச் சிரிப்பையும் தரும், கோபத்தையும் தரும்.

"ஆடுகளை மலைக்கு விடாமல் பள்ளத்தாக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே புல் சுத்தமாக இருக்கிறது" என்று ஆலோசனை சொன்னார்கள். பள்ளத்தாக்குப் புல் கொஞ்சம்தான். அதை இப்போதே மேய்த்துத் தீர்த்தால் குளிர்காலத்துக்கு என்ன போடுவது? அதை நினைக்கவில்லை. "வைக்கோல் வாங்கிப் போடலாமே" என்றும் சொன்னார்கள். மலை ஆடு வைக்கோலைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது அங்கே மேய்ச்சலுக்குப் போகும் சிறுபிள்ளைக்கும் தெரியும்!

இன்னொரு சம்பவம். ஒருவகைக் களிமண் தூளைப் புல்தரையில் தூவினால் சீசியம் ஆட்டுக்கு ஏறுவது குறையுமா என்று சோதிக்க விரும்பினார்கள். நல்ல யோசனைதான். அதற்காக நிலத்தைத் துண்டு துண்டாக வேலியடைத்து, ஒவ்வொரு துண்டிலும் ஆடுகளை விட்டார்கள். "இந்த ஆடு வேலிக்குள் மேயாது, அடைத்தால் இளைத்துப் போகும், சோதனை கெட்டுவிடும்" என்று விவசாயிகள் சொன்னார்கள். அந்த மலை ஆடுகள் வேலியே இல்லாத பரந்த மலையில் மேய்பவை. தன் மேய்ச்சல் எல்லை எது என்று தாய் ஆட்டிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம் அது. நிபுணர்கள் காதில் வாங்கவில்லை. என்ன நடந்தது? ஆடுகள் இளைத்தன. சோதனையைக் கைவிட்டார்கள். விவசாயி முன்பே சொன்ன அதே காரணத்துக்காகத்தான் கைவிட்டார்கள். ஆனால் "நீங்கள் சொன்னது சரி" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தோழர்களே, இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. தவறு செய்வது அவமானமல்ல. ஒப்புக்கொள்ளாமல் நழுவுவதுதான் அவமானம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், அடுத்த முறை அவர்கள் மலை ஏறியபோது கதவு திறந்திருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டை வைத்திருப்பவர் தோட்டக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது கறிக்கும் உதவியிருக்கும்.

மறைத்ததற்குக் கொடுத்த விலை

கம்பிரியாவில் இன்னொரு சந்தேகமும் இருந்தது. அந்தப் பகுதியின் கடற்கரையில்தான் விண்ட்ஸ்கேல் என்ற அணு நிலையம் இருக்கிறது. 1981ல் அதற்குச் செல்லாஃபீல்டு என்று பெயர் மாற்றினார்கள். 1957 அக்டோபரில் அங்கே ஓர் உலை தீப்பிடித்தது. சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைக் கீழே கொட்டும்படி உத்தரவிட்டார்கள். அந்த விபத்தைப் பற்றிய விசாரணை அறிக்கை முழுமையாக எப்போது வெளிவந்தது? 1988ல்! முப்பது ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள்.

ஆகவே 1986ல், "இந்தச் சீசியம் செர்னோபிலிலிருந்து வந்தது" என்று நிபுணர் சொன்னபோது, விவசாயி அண்டையிலிருந்த புகைபோக்கியைக் காட்டி, "ஏன் இதிலிருந்து வந்திருக்கக் கூடாது?" என்று கேட்டான். நிபுணரிடம் பதில் இருந்தது. சீசியத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று சுமார் 2 ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும். மற்றது பாதியாகத் தேய 30 ஆண்டு ஆகும். இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பார்த்தால், புதிதாக வந்ததா, பழையதா என்று கண்டுபிடித்துவிடலாம். இது நல்ல விஞ்ஞானம். ஆனால் பின்னால் தெரியவந்தது என்ன? அங்கே கிடந்த சீசியத்தில் ஏறக்குறைய பாதிதான் செர்னோபிலிலிருந்து வந்தது. மீதி அணுகுண்டுச் சோதனைகளாலும், 1957 தீவிபத்தாலும் முன்பே விழுந்து கிடந்தது. விவசாயியின் சந்தேகம் முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தவறுமில்லை.

இங்கே நாம் ஒன்றை மனம்விட்டுச் சொல்லியாக வேண்டும். மறைத்தது பிரிட்டிஷ் அரசாங்கம் மட்டுமல்ல. செர்னோபிலில் உலை வெடித்த பிறகு, அருகிலிருந்த பிரிபியாத் நகரத்து மக்களை மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றினார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி காலை ஸ்வீடன் நாட்டு அணுமின் நிலையத்தின் கருவிகள் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தன. அன்று மாலையில்தான் சோவியத் அரசாங்கம் விபத்தைப் பற்றிச் சில வரிகள் வெளியிட்டது. அது தொழிலாளர் பெயரால் நடந்த அரசாங்கம் என்பதற்காக நாம் இதை மூடிப் பேசலாமா? கூடாது. உலைக்கு அருகில் குடியிருந்தவர்கள் தொழிலாளர்களும் அவர்கள் குழந்தைகளும்தான். எந்தக் கொடியின் கீழ் நின்று மறைத்தாலும், மறைப்பு மறைப்புதான். ஓர் உண்மையை மறைத்தவன், பிறகு சொல்லும் நூறு உண்மைகளையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடுகிறான்.

கருவியும் கண்ணும்

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் விவசாயியே போதும், விஞ்ஞானி எதற்கு?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? எதற்கென்றால், சீசியம் கண்ணுக்குத் தெரியாது. மணக்காது. நாக்கில் ருசிக்காது. தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவனும், கருவி இல்லாமல் எந்த ஆட்டில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு கிலோ இறைச்சியில் 1,000 பெக்கரலுக்கு மேல் கதிரியக்கம் இருந்தால் விற்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இதை அளந்து சொல்லக் கருவியும் வேண்டும், கருவியைப் படித்தவரும் வேண்டும். மண்ணை அறிந்தவன் ஒருவன். நஞ்சை அறிந்தவர் ஒருவர். இருவரும் சேர்ந்தால்தான் உண்மை முழுசாகும். கம்பிரியாவில் இருவரும் சேரவில்லை. அதுதான் அங்கே நேர்ந்த கேடு.

சேர்ந்தால் என்ன ஆகும்? இரண்டாவது சம்பவம் அதைச் சொல்கிறது. ஆலைத் தோழர்களே, இது உங்களுக்கு!

திங்கட்கிழமையில் இறுகும் நெஞ்சு

இங்கிலாந்தில் லங்காஷயர் என்பது பஞ்சாலைகளுக்குப் பேர்போன பகுதி. அங்கே புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்த தொழிலாளிகளுக்கு ஒரு விசித்திரமான தொல்லை. ஞாயிறு லீவு கழித்துத் திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்தால் நெஞ்சு இறுகும். மூச்சு வாங்கும். செவ்வாய், புதன் வந்தால் கொஞ்சம் விட்டுவிடும். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வரும். வருஷங்கள் போகப் போக, எல்லா நாட்களிலும் இறுகும். கடைசியில் மாடிப்படி ஏற முடியாமல், வேலைக்கும் போக முடியாமல், மூலையில் உட்கார வேண்டியதுதான். இதற்குப் பிசினோசிஸ் என்று பெயர். பஞ்சுத் தூசி நோய் என்று நாம் சொல்லலாம்.

இதைத் தொழிலாளி அறிந்திருந்தான். ஆனால் டாக்டரிடம் போனால், "ஆஸ்துமா" என்பார். "பீடி சிகரெட் பிடிக்கிறாயா?" என்பார். என்ன வேலை செய்கிறாய், எந்த நாளில் இறுகுகிறது என்று கேட்பவர் அபூர்வம்.

இத்தாலியில் ராமஸ்ஸினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்ற கேள்வியையும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். ஏழை வீட்டுக்குப் போனால், கிடைத்த முக்காலியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள் என்றார். அந்தக் கேள்வியைத்தான் இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பலர் மறந்திருந்தார்கள்.

1950களில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஷில்லிங் என்ற மருத்துவர் இருந்தார். அவர் என்ன செய்தார்? லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களிடம் போய்க் கேட்டார். உங்கள் நெஞ்சு இறுகுகிறதா? வாரத்தில் எந்த நாளில்? எப்போதாவது ஒரு திங்கட்கிழமையா, எல்லாத் திங்கட்கிழமையுமா? மற்ற நாட்களிலும் உண்டா? இந்தப் பதில்களை வைத்தே நோயைப் படிப்படியாகப் பிரித்தார். எப்போதாவது முதல் நாளில் இறுகினால் தொடக்கம். எல்லா வாரமும் முதல் நாளில் இறுகினால் ஒரு படி. மற்ற நாட்களுக்கும் பரவினால் அடுத்த படி. மூச்சுத் திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் கடைசிப் படி. அதோடு நிற்காமல், மூச்சை அளக்கும் கருவியையும், காற்றில் உள்ள தூசியை அளக்கும் கருவியையும் கொண்டு வந்து, தொழிலாளி சொன்னதை அளந்தும் பார்த்தார்கள்.

கவனியுங்கள், தோழர்களே! ஆலை வாசலில் நின்று தொழிலாளி முனகிய வார்த்தை, உலகம் முழுவதும் மருத்துவர்கள் கையாளும் அளவுகோலாயிற்று. விஞ்ஞானம் இதனால் தாழ்ந்துவிட்டதா? இல்லை, உயர்ந்தது! நம் நாட்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் இந்த நோயைத் தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

கூலி கொடுப்பவர் யார்?

அமெரிக்காவில் என்ன நடந்தது? பஞ்சாலை முதலாளிகள், "இது இங்கிலாந்து நோய், எங்கள் ஆலைகளில் இல்லை" என்று சாதித்தார்கள். 1960களில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூஹைஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் இந்த நோயைத் தேடினார்கள். எங்கே தேடினார்கள் தெரியுமா? அட்லாண்டா நகரச் சிறைச்சாலைக்குள் இருந்த பஞ்சாலையில்! கைதிகள் வேலை செய்த அந்த ஆலையில் நோய் இருப்பதைக் கண்டு 1967ல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும், 1969ல் ஒரு நெசவுத் தொழில் இதழ், இது டாக்டர்கள் கிளப்பிவிட்ட நோய் என்று தலையங்கம் எழுதியது!

பிறகு காரலைனா மாகாணங்களில், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் 1970களின் நடுவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். மூச்சு முட்டும் கிழவர்களும் கிழவிகளும் கூடி அமைத்த சங்கம் அது. தங்கள் பக்கம் நின்ற மருத்துவர்களின் உதவியோடு மூச்சுச் சோதனை முகாம்கள் நடத்தினார்கள். மூச்சளக்கும் கருவியில் தொழிலாளி ஊதினான். அவன் நுரையீரலில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று அவனுக்கே சொன்னார்கள். அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நஷ்டஈடு கேட்டான். 1978ல் அரசாங்கம் தூசிக்கு வரம்பு வைத்தது. நூற்புப் பகுதியில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கக் கூடாது என்றது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். "இதற்கு ஆகும் செலவுக்கு ஈடான பலன் உண்டா என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?" என்று வாதாடினார்கள். 1981ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தொழிலாளியின் ஆரோக்கியத்தைச் சட்டம் முன்னால் வைத்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது.

விஞ்ஞானத்தைத் தொழிலாளி நம்பியது எப்போது? அது அவன் கைக்கு வந்தபோது. அளந்த கணக்கை அவனிடமே கொடுத்தபோது. முதலாளி முகம் சுளித்தாலும் உண்மையைச் சொல்லும் மருத்துவரை நேரில் பார்த்தபோது.

நாம் கேட்க வேண்டியவை

இனி நம் கேள்விக்கு வருவோம். வருகிற நிபுணரை நம்புவதா, வேண்டாமா? அவர் அணிந்த கோட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர் பேசும் இங்கிலீஷைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். மரியாதையோடு கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

ஒன்று: "இது உங்களுக்கு எப்படித் தெரியும், ஐயா? எங்கே அளந்தீர்கள்? எந்த ஷிப்டில் அளந்தீர்கள்? இயந்திரம் ஓடும்போதா, நிறுத்தி வைத்திருக்கும்போதா? எங்கள் மண்ணிலா, வேறு மண்ணிலா?"

இரண்டு: "இதில் எவ்வளவு உறுதி? உங்களுக்கு இன்னும் தெரியாதது என்ன?" இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்பவரை நம்பலாம். "தெரியவில்லை" என்று சொல்லத் தெரிந்தவர்தான், "தெரியும்" என்று சொல்லும்போது நம்பத் தகுந்தவர்.

மூன்று: "இந்தச் சோதனைக்குப் பணம் கொடுப்பவர் யார்? முடிவு அவருக்குப் பிடிக்காவிட்டாலும் வெளியிடுவீர்களா?" பணம் வாங்கியதாலேயே ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது. ஆனால் யாருடைய பணம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு: "எங்களிடம் என்ன கேட்டீர்கள்?" இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரிடமும், வயலில் குனிந்து நிற்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிய அறிக்கை பாதி அறிக்கைதான்.

ஐந்து: "மறுபடியும் எப்போது வருவீர்கள்? முடிவை எங்களுக்கு எங்கள் பாஷையில் சொல்வீர்களா? தவறு என்று தெரிந்தால் வந்து ஒப்புக்கொள்வீர்களா?"

இதையே விஞ்ஞானத் துறையில் இருக்கும் நண்பர்களுக்கும் சொல்லிக்கொள்கிறோம். "ஜனங்கள் எங்களை நம்பமாட்டேன் என்கிறார்கள், அறியாமை" என்று நீங்கள் வருந்துகிறீர்கள். இன்னும் அழகாகப் பேசினால் நம்புவார்கள் என்று எண்ணுகிறீர்கள். பேச்சின் அழகு பிரச்சினையல்ல. நீங்கள் வருவது உத்தரவோடா, கேள்வியோடா என்பதுதான் பிரச்சினை. முக்காலியில் உட்காருங்கள். கேளுங்கள். சொல்லுங்கள். திரும்பி வாருங்கள். நம்பிக்கை என்பது கேட்டு வாங்கும் பொருளல்ல. கூலி போல உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது.

நமக்கும் கடமை உண்டு

நமக்குக் கடமை இல்லையா? உண்டு. கேள்வி கேட்பவன் உண்மையும் சொல்ல வேண்டும். இருமல் இரண்டு நாளைக்கு வந்தால் இரண்டு நாள் என்று சொல்லுங்கள். பத்து நாள் என்று கூட்டாதீர்கள். வேலை போய்விடும் என்று பயந்து, பத்து நாளை இரண்டு நாளாகவும் குறைக்காதீர்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் சங்கத்தின் மூலம் சொல்லுங்கள். எந்த நாளில் நெஞ்சு இறுகியது, எந்த மருந்து தெளித்த அன்று தலை சுற்றியது, எந்த மாதம் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். இரண்டணாப் பெறாத நோட்டுதானே என்று நினைக்காதீர்கள். அதுவும் விஞ்ஞானம்தான். லங்காஷயர் தொழிலாளியின் திங்கட்கிழமை அப்படித்தான் விஞ்ஞானமாயிற்று.

விஞ்ஞானி நமக்குக் கசப்பான உண்மையைச் சொல்லும்போதும் கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும். நமக்குப் பிடித்ததைச் சொன்னால் நல்லவர், பிடிக்காததைச் சொன்னால் கைக்கூலி என்று பேசுவோமானால், முதலாளிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? புகை பிடிப்பவருக்குப் பஞ்சுத் தூசி இன்னும் கெடுதல் செய்யும் என்று டாக்டர் சொன்னால், அது நம்மைக் குறை சொல்வதல்ல. நம் நுரையீரலைக் காப்பது. தூசியைக் குறைக்கச் சொல்லி ஆலையிடம் போராடுவோம், பீடியையும் விட்டுவிடுவோம்.

தோழர்களே! கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னார்கள். தீர விசாரிப்பதற்கு இன்னொரு பெயர்தான் விஞ்ஞானம். அது யாருடைய சொத்துமல்ல. அடுத்த முறை ஒருவர் கருவியோடு நம் ஊருக்கு வரும்போது, பயந்து ஒதுங்கவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். உட்காரச் சொல்லுங்கள். மோர் கொடுங்கள். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து, முதல் கேள்வியிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.